புயலுக்கு முப்பது ஆண்டுகள் முன்னால்

ஃபுளோரிடா என்றதும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மாநிலத்தின் தலைநகரான டாலஹாசியில் நின்றுகொண்டு கடலைத் தேடினால் கிடைக்காது. அது தெற்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குள் இருப்பவை செம்மண் மேடுகளும் பள்ளங்களும், அவற்றின்மேல் மரங்களும்தான். மேலிருந்து பார்த்தால் நகரத்தில் பாதிக்கு மேல் இலைக்கூரை. சாலையின் இரு பக்கத்து ஓக் மரங்கள் நடுவில் கைகோத்து நிற்கும் பழைய தெருக்களைச் சட்டம் போட்டே பாதுகாக்கிறார்கள். கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி தாடியாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ், அன்னாசிக் குடும்பத்துச் செடி. கோடைக்காலத்தில் அந்தத் தெருக்களில் நடப்பவருக்கு வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

2016 செப்டம்பர் 2 அதிகாலை, ஹெர்மின் என்ற சூறாவளி அந்த ஊருக்குத் தெற்கே செயின்ட் மார்க்ஸ் அருகில் கரை கடந்தது. மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகம். சூறாவளிகளைத் தரம் பிரிக்கும் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோலில் அது முதல் வகை, அதாவது கடைசிப் படிக்கட்டு. ஊருக்குள் வந்து சேர்வதற்குள் வேகம் இன்னும் தணிந்துவிட்டது. அப்படியும் நகராட்சி மின்வாரியத்தின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குக் கரண்ட் போனது. ஒரு வாரம் காத்திருந்தவர்களும் உண்டு. வெளி நிறுவனங்களின் உதவியை அப்போதைய மேயர் ஆண்ட்ரூ கில்லம் உரிய நேரத்தில் ஏற்றுக்கொண்டாரா என்ற சண்டை, அவர் போட்டியிட்ட 2018 ஆளுநர் தேர்தல் மேடை வரைக்கும் போனது.

அந்த ஊரை அதற்கு முன் நேராகத் தாக்கிய சூறாவளி கேட். அது வந்தது 1985 நவம்பரில். நடுவே 31 ஆண்டுகள். அந்த இடைவெளியில் மரங்கள் உயர்ந்தன, சில உள்ளுக்குள் உளுத்தன, வேர்களுக்குக் குறுக்கே நடைபாதைகளும் குழாய்களும் வந்தன, கேட் புயலை நேரில் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். ஹெர்மின் இரவில் எந்த மரம் விழ வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த 31 ஆண்டுகளில் தீர்மானமாகியிருந்தது. காற்று வந்து கணக்கை முடித்தது, அவ்வளவுதான்.

சாஃபிர்–சிம்ப்சன் எண் நீடித்த காற்றின் உச்ச வேகத்தை மட்டுமே சொல்லும். மண் எவ்வளவு நனைந்திருக்கிறது, மரத்துக்கு என்ன வயது, கம்பி எந்தக் கிளைக்கு அடியில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் சூறாவளி ஐந்தாம் வகை வேகத்தில் மெக்சிகோ பீச் அருகே கரையேறியது. டாலஹாசியிலிருந்து அந்த இடம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நகருக்குள் நீடித்து வீசிய காற்று சூறாவளி அளவைத் தொடவே இல்லை. ஆனாலும் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் இருண்டன. மரம் நிறைந்த ஊரில் இருப்பவர் தொலைக்காட்சியில் வகை எண்ணைப் பார்த்து 'ஒன்றுதானே' என்று நிம்மதி அடைவது தவறு.

காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, எதிரே நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் 120 ஆனால் அழுத்தம் 34 ஆகாது, 68 கிலோ ஆகும். பத்து மீட்டர் அகலமும் எட்டு மீட்டர் உயரமும் கொண்ட ஒரு மரத்தலை வெறும் சுவராக இருந்தால் அதன்மேல் ஐந்து டன்னுக்கு மேல் பாரம் விழும். அந்தப் பாரம் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்து இழுக்கிறது. தண்டு ஒரு நெம்புகோல். அதன் அடிமுனையில் வேர்கள்.

மரம் சுவர் அல்ல என்பதால்தான் நாம் இன்னும் நிழலில் நடக்கிறோம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வோகல் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இலைகளைக் காற்றுச் சுரங்கத்துக்குள் பொருத்தி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். டியூலிப் மரத்தின் அகன்ற இலை, காற்று வலுத்ததும் ஓரங்களை உள்ளே மடித்து, கடலைப் பொட்டலம்போல் கூம்பாகச் சுருண்டது. காற்று கூட, கூம்பு இன்னும் இறுகியது. படபடப்பு அடங்கியது, இழுவையும் குறைந்தது. சிறு கிளைகளும் இதையே செய்கின்றன: வளைந்து, காற்றின் திசையில் ஒடுங்கி, எதிர்க்கும் பரப்பைச் சுருக்கிக்கொள்கின்றன. வேகம் இரட்டித்தால் மரத்தின்மேல் விசை நான்கு மடங்காகாமல் கொஞ்சம் குறைவாக நிற்பது இதனால்தான். ஒடுங்கத் தெரியாத தடித்த கிளைகளுக்கும், அடியிலேயே இரண்டாகப் பிரிந்து 'வி' வடிவில் ஒட்டி வளரும் இரட்டைத் தண்டுகளுக்கும் இந்தச் சலுகை இல்லை. அந்த இடுக்கில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டு மரக்கட்டை ஒன்றோடொன்று சேராமல் இருக்கும். பார்க்க உறுதியாகத் தெரியும், பிளக்கும்போது அங்கிருந்துதான் பிளக்கும்.

மேலே எவ்வளவு மரமோ கீழே அவ்வளவு வேர் என்று பலரும் நம்புகிறார்கள். நகரத்து மரத்துக்கு அது பொருந்தாது. வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் கிளை நுனியையும் தாண்டி ஓடும். சாய்ந்த மரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்த ஒரு மண்வட்டம், அதன் விளிம்பில் அறுந்த வேர்நுனிகள், நடுவில் பழைய தண்ணீர்க் குழாயின் உடைந்த துண்டு. இந்த வேர்த்தட்டுதான் மரத்தின் அஸ்திவாரம். நடைபாதை போட ஒரு பக்கம், கழிவுநீர்க் குழாய்க்கு இன்னொரு பக்கம் என்று வெட்டினால் மரம் உடனே சாகாது. மிச்சமிருக்கும் வேரில் பத்து இருபது ஆண்டுகள் பசுமையாகவே நிற்கும். குழி தோண்டிய ஒப்பந்ததாரர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

சூறாவளி மழையையும் கொண்டுவருகிறது. காய்ந்த மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு வேரைப் பிடித்துக்கொள்ளும். துளைகளில் தண்ணீர் நிரம்பினால் அந்தப் பிடி தளர்கிறது. அப்போது மரம் ஒரே தள்ளலில் விழுவதில்லை. முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்று வரும் பக்கத்து வேர்கள் கொஞ்சம் மேலெழும், இடுக்கில் தண்ணீர் புகும், மண் குழம்பும். புயலின் நடுவே மரத்தடியில் தரை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குவதைச் சன்னல் வழியே பார்த்தால், அந்த மரம் விழக்கூடிய பக்கத்து அறையில் யாரும் இருக்கக்கூடாது.

எந்த மரம் நிற்கும், எது விழும் என்பதற்குப் பதில் இருக்கிறது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்த பிறகு, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மேரி துரியேயாவும் உடனிருந்தவர்களும் புயல்களின் பின்னாலேயே போய் நகர மரங்களை எண்ணினார்கள். 2004இல் அந்த மாநிலத்தை அடுத்தடுத்து அடித்த சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் வரை அந்தக் கணக்கு நீண்டது. நின்றவற்றின் பட்டியலில் முன்னணியில் லைவ் ஓக், மக்னோலியா, சேபல் பனை, சதுப்புநில சைப்ரஸ். விழுந்தவற்றின் பட்டியலில் லாரல் ஓக், வாட்டர் ஓக், மணல் பைன், சீனத்து டாலோ மரம்.

லைவ் ஓக் குட்டையாக, அகலமாக, அடிப்பகுதி பருத்து வளரும். கட்டை அவ்வளவு கெட்டியானது. அமெரிக்கக் கடற்படையின் பழம்பெரும் போர்க்கப்பலான கான்ஸ்டிடியூஷனின் சட்டங்களுக்கு அதைத்தான் வெட்டிக்கொண்டு போனார்கள். நூற்றாண்டுகள் வாழும். அதன் சொந்தக்காரர்களான லாரல் ஓக்கும் வாட்டர் ஓக்கும் வேகமாக வளர்ந்து சீக்கிரம் நிழல் தருபவை, ஆனால் அறுபது எழுபது வயதிலேயே உள்ளே சொத்தை விழத் தொடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புதிதாக உருவான குடியிருப்புகளில் வேரூன்றியவை இப்போது அந்த வயதில் இருக்கின்றன. தெருவில் போகிறவருக்கு எல்லாம் ஓக்தான். எந்த ஓக் என்று பார்க்கத் தெரிந்தவர்தான் கூரையைக் காப்பாற்றுவார்.

ஹெர்மினுக்கு மூன்று மாதம் கழித்து, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னைக்குள் நுழைந்தபோது இதே பாடத்தை நாமும் படித்தோம். அன்று ஆயிரக்கணக்கில் சாய்ந்தவற்றில் பெரும்பங்கு வேகமாக வளர்ந்து நிழல் தரட்டும் என்று சாலையோரம் நட்ட வெளிநாட்டு மரங்கள். குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு பெயர்ந்து கிடந்த தெருக்களில், அவற்றின் கழுத்துவரை சிமெண்ட் போட்டு மூடியிருந்ததையும் பார்த்தோம்.

துரியேயாவின் கணக்கில் இன்னொரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தனியாக நின்ற மரங்களைவிடக் கூட்டமாக நின்ற மரங்கள் அதிகம் தப்பின. ஒன்று மற்றொன்றுக்குக் காற்றை மறைக்கிறது, வேர்கள் பின்னிக்கொள்கின்றன. ஆகவே பயந்துபோய் வீட்டுப் பக்கத்து மரத்தை மட்டும் வெட்டினால், அதுவரை அதன் மறைவில் வளர்ந்த அடுத்த மரம் முதன்முறையாக முழுக் காற்றையும் வாங்கும். 2019இல் ஃபுளோரிடா ஒரு சட்டம் கொண்டுவந்தது: மரம் ஆபத்தானது என்று தகுதியுள்ள மர வல்லுநர் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரர் உள்ளூராட்சியின் அனுமதி இல்லாமலே வெட்டலாம். 'ஆபத்து' என்ற சொல்லுக்கு அவரவர் வசதிப்படி பொருள் கொண்டார்கள். 2022இல் அதற்கு இலக்கணம் வகுத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது கிளை கழித்தல். அதிலும் தவறு செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. உச்சியை மொட்டையடிப்பது ஒன்று. வெட்டிய இடத்திலிருந்து கற்றையாகக் கிளம்பும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது. உள்கிளைகளையெல்லாம் வழித்தெடுத்து நுனியில் மட்டும் இலைக்கொத்தை விடுவது மற்றொன்று. அப்போது முழுப் பாரமும் நெம்புகோலின் கடைக்கோடிக்குப் போய்விடும். மர ஆய்வாளர் எட்வர்ட் கில்மனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் புயலுக்கு நிகரான காற்றை எழுப்பும் எந்திரத்தை இளம் லைவ் ஓக் மரங்களுக்கு எதிரே நிறுத்தி அளந்தபோது, முறையாகக் கழித்த மரங்களின் தண்டு குறைவாகவே அசைந்தது. இதையெல்லாம் அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்தபின் ஆளைக் கூப்பிட்டுக் கிளை வெட்டினால், வெட்டிய கிளைக்குவியல் அள்ளப்படாமல் வாசலில் கிடந்து, மறுநாள் காற்றில் பறந்து யாருடைய சன்னலிலாவது மோதும்.

இனி கம்பி. உயரழுத்தக் கோபுரங்களில் வரும் மின்சாரம் சப்-ஸ்டேஷனில் இறங்கி, ஃபீடர் எனப்படும் முதன்மைக் கம்பிகளில் ஊருக்குள் நுழைந்து, தெருக்கிளைகளாகப் பிரிந்து, கம்பத்து டிரான்ஸ்பார்மர் வழியே வீட்டுக்கு வருகிறது. புயலின் தொடக்கத்தில் விளக்கு இரண்டு மூன்று முறை அணைந்து அணைந்து எரியும். ஃபீடரில் இருக்கும் ரீக்ளோசர் என்ற தானியங்கிச் சுவிட்சின் வேலை அது. கிளை உரசியதும் மின்சாரத்தை நிறுத்தி, ஓரிரு நொடி பொறுத்து, 'கிளை விலகிவிட்டதா' என்று சோதிப்பதுபோல் மறுபடி விடும். விலகாவிட்டால் மீண்டும் நிறுத்தும். சில முறை முயன்றபின் நிரந்தரமாகத் துண்டித்துக்கொள்ளும். தெருக்கிளைக் கம்பியில் பீஸ் கட்டை இருக்கும். அது போனால் துப்பாக்கி வெடித்த சத்தம், கூடவே நீலப்பச்சை ஒளி. இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு விளக்கு நின்றதென்றால், உங்கள் ஃபீடரில் ஏதோ ஒரு மரம் கிடக்கிறது என்று ஊகிக்கலாம்.

எதிர்வீட்டில் வெளிச்சம், நம் வீட்டில் இருட்டு என்ற மூன்றாம் நாள் ஆத்திரத்துக்கும் இதில் விடை இருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் உயரழுத்தக் கம்பி, சப்-ஸ்டேஷன், ஃபீடர், பிறகு தெருக்கிளை, கடைசியில் ஒற்றை வீடு என்றுதான் வருவார்கள். மருத்துவமனையும் குடிநீர் நிலையமும் இருக்கும் ஃபீடருக்கு முதலிடம். ஒரு மரத்தை அகற்றி இரண்டாயிரம் வீட்டுக்கு வெளிச்சம் தரலாம் என்றால், பத்து வீட்டுக்கான மரம் காத்திருக்கத்தான் வேண்டும். எதிர்வீடு வேறு ஃபீடரில் இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. கூரையோரம் கம்பியைத் தாங்கி நிற்கும் இரும்புக்குழாய் அமெரிக்க வழக்கப்படி பொதுவாக வீட்டுக்காரரின் சொத்து. கிளை விழுந்து அதைப் பிடுங்கிப்போட்டால், தெருவெல்லாம் கரண்ட் வந்தபின்னும் அந்த வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். புயல் முடிந்த வாரத்தில் அவர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கம்பிகளைப் பூமிக்குள் புதைத்துவிட்டால் என்ன என்று எல்லாப் புயலுக்குப் பிறகும் கேட்கிறார்கள். செலவு பல மடங்கு என்பது அனைவருக்கும் தெரிந்த பதில். மரநகரத்தில் இன்னொரு பதிலும் இருக்கிறது: கம்பி புதைக்கத் தோண்டும் பள்ளம், மரத்தைப் பிடித்து நிற்கும் அதே வேர்களை அறுக்கிறது. வேர்களுக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் கேபிளைச் செருகும் முறையில் இந்தச் சேதம் குறைவு. ஆனால் மரம் வேரோடு பெயர்ந்தால் புதைத்த கேபிளையும் இழுத்துக்கொண்டு வரும். எங்கே அறுந்தது என்று மண்ணுக்குள் தேடுவது, மேலே தொங்கும் கம்பியைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும் வேலை.

தண்ணீர், உணவு, டார்ச், மருந்து, பணம் என்ற பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். ஊருக்கு வெளியே கிணற்று மோட்டாரை நம்பியிருப்பவருக்குக் கரண்ட் போன கணமே தண்ணீரும் போகும், அதனால் குளியல்தொட்டியைக்கூட நிரப்பி வைப்பார்கள். மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகும் வழக்கம் ஃபுளோரிடாவில் உண்டு. திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. கோப்பையின் அடியில் உறைந்து கிடந்தால், நடுவே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கறியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

உயிர்ச்சேதத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு காற்று நின்றபின் வருகிறது. 2017இல் இர்மா சூறாவளி கடந்துபோன பிறகு, ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் குளிரூட்டி மட்டும் மின்சாரம் இழந்தது. கட்டடத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஏறிய வெப்பத்தில் 12 பேர் இறந்தார்கள். முதியோர் இல்லங்களில் குளிரூட்டிக்கு மாற்று மின்சாரம் கட்டாயம் என்ற சட்டம் அடுத்த ஆண்டு வந்தது. 2024 ஜூலையில் பெரில் டெக்சஸில் கரை கடந்ததும் முதல் வகைப் புயலாகத்தான். ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின, அதன் பின்னே கொளுத்தும் வெயில். ஆகவே வீட்டில் முதியவரோ மூச்சுக்கருவியில் இருப்பவரோ இருந்தால், மாற்று மின்சாரம் கிடைக்கும் இடம் எது என்பதைப் புயலுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்களுக்கு வேறொரு ஆபத்து. 2020இல் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது, மரம் வீட்டின்மேல் விழுந்தும் ஜெனரேட்டர் புகையாலும் பலர் இறந்தனர். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலிக்கும், தூக்கம் வரும், படுத்தவர் எழமாட்டார். கார் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது பலரைக் கொன்ற எண்ணம். எந்திரம் வெட்டவெளியில், கதவு சன்னலிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதன் ஒயரைச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகி வீடு முழுக்க விளக்கெரிப்பவர்களும் இருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மருக்கு ஒருவழிப் பாதை கிடையாது: தெருவிலிருந்து 7,200 வோல்ட்டை 240ஆகக் குறைக்கும் அதே பெட்டி, வீட்டிலிருந்து போகும் 240ஐ 7,200 ஆக்கித் தெருவுக்கு அனுப்பும். கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கைவைக்கும் லைன்மேன்தான் அதை வாங்குவார்.

மறுநாள் காலை ரம்பம் எடுக்கும்போதும் அவசரம் கூடாது. சாய்ந்த மரத்தின் தண்டை அடியில் அறுத்தால், அதுவரை தண்டின் எடையால் நிமிர்ந்திருந்த வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்குள் விழலாம். அந்தக் குழிக்குள் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கக்கூடும். வளைந்து மாட்டிக்கொண்ட கிளை, வெட்டிய நொடியில் வில்லைப்போல் எகிறும். கிளைக்குள் ஏதாவது கம்பி கிடந்தால் அருகில் போகவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் குழியில் என்ன நடுவது? பெரிய மரம் என்றால் தடையில்லாத ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டர் மண் வேண்டும், நடுத்தர மரத்துக்கு ஆறுக்கு ஆறு, சின்னதற்கு மூன்றுக்கு மூன்று என்று துரியேயாவின் குழு பரிந்துரைத்தது. கம்பிக்கு அடியில் லைவ் ஓக் வைத்தால், ஆண்டுதோறும் மின்வாரிய ஆட்கள் அதன் நடுவைக் குடைந்து 'வி' வெட்டு வெட்டுவார்கள். அங்கே டாக்வுட்டோ கிரேப் மிர்ட்டிலோ போதும். லைவ் ஓக்குக்கு வீட்டின் பின்பக்கமோ பூங்காவோ பார்க்க வேண்டும், வேகம் குறைவு என்பதால் நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். நாற்றங்காலில் தொட்டிக்குள் வட்டமடித்துச் சுருண்ட வேர்களோடு வரும் கன்றை அப்படியே குழியில் இறக்கிவிடாதீர்கள். சுருளை வெட்டிப் பிரித்து நட்டால்தான் வேர்கள் வெளியே ஓடும்.